சோப்பு நுரை காட்டிய இடம்

விடிவதற்கு முன்பே வந்து வீட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் வீட்டைத்தான் சொல்கிறேன். இந்தியானாவில் எங்கள் வண்டிவீட்டைச் செய்த கம்பெனியின் பழுதுபார்க்கும் வளாகத்தில் அதுதான் வழக்கம். இரவில் மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து அவர்களுடைய மைதானத்திலேயே தங்கவிடுவார்கள். இருட்டுப் பிரியும் முன் டிராக்டர் ஒன்று வந்து வீட்டைக் கொக்கியில் மாட்டிக் கொட்டகைக்குள் இழுத்துப் போகும். நாங்கள் கலைந்த தலையும் கையில் பல்துலக்கியுமாகக் காத்திருப்பு அறைக்குப் போய் உட்கார வேண்டும். மதியத்துக்கு மேல் வீடு திரும்பி வரும். அதுவரை காப்பி இலவசம். அந்தக் கம்பெனி செய்ததில் ஒழுகாமல் வேலை செய்தது அந்தக் காப்பிப் பாத்திரம் ஒன்றுதான்.

என் பெயர் லவோன். ஒஹையோவில் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். ஐம்பது பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்தே அதட்டி உட்கார வைத்தவள், அதனால் என் தொண்டைக்குச் சின்னக் குரல் என்று ஒன்று கிடையாது. என் கணவன் டுவைட், பால் டேங்கர் லாரி ஓட்டினான். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்காக வண்டி ஓட்டியாயிற்று, இனி நமக்காக ஓட்டுவோம் என்று இருந்த வீட்டை விற்று இந்த டிரெய்லரை வாங்கினோம்.

புத்தம் புதுசு. முதல் பயணத்திலேயே சமையலறை இழுப்பறை கையோடு வந்தது. கொலராடோ பனியில் ஹீட்டர் மூச்சை விட்டது. ஒரு மாதம் குளித்த பிறகுதான் தெரிந்தது, குளியலறைக் குழாயை எவனும் எதோடும் சேர்க்கவே இல்லை என்று. நாங்கள் குளித்த தண்ணீர் எல்லாம் தரைக்கு அடியில் போய்த் தேங்கியிருந்தது. அடித்தகட்டைக் கழற்றினால் மரத்தூளும் யாரோ தின்றுவிட்டுப் போட்ட பிஸ்கட் உறையும். வயிறு எரியுமா எரியாதா?

எங்களைப் போன்றவர்கள் கூடிப் புலம்புவதற்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அங்கே நான்தான் பெரிய வாய். என் வசவைப் படிப்பதற்காகவே காலையில் எழுந்திருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். போன இலையுதிர் காலத்தில் தொடங்கிய ஒழுகலைத்தான் பொறுக்க முடியவில்லை. படுக்கையறைச் சுவரில், டுவைட்டின் தலைமாட்டில், மழை பெய்தால் ஈரம். முதலில் உள்ளங்கை அகலம், பிறகு தலையணை அகலம், பிறகு கறுப்புப் பூஞ்சை. மூன்று ஊரில் மூன்று பழுதுக் கடைக்காரர்கள் கூரைமேல் ஏறிப் பசை பூசினார்கள். அடுத்த மழையில் அதே இடத்தில் ஈரம். கூரையில் தண்ணீர் புகுவது ஓர் இடம், வெளியே வருவது வேறு இடம். புகுந்த இடம் தெரியாமல் பசை பூசி என்ன பயன்?

டுவைட்டுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் அதைக் கட்டிலருகே இருக்கும் டயாலிசிஸ் மெஷினோடு சேர்த்தால் விடியும்வரை மெஷின் மருந்துநீரை உள்ளே விட்டு, அழுக்கோடு வெளியே எடுக்கும். மெஷின் இருந்தால் எந்த ஊரிலும் தூங்கி எழலாம். அரிசோனாவில் எழுந்தோம், டெக்சஸ் கடற்கரையில் எழுந்தோம். ஒரே ஒரு நிபந்தனை, அறை சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். பூஞ்சையோ அழுக்கோ குழாய்வழி வயிற்றுக்குள் போனால் ஆளையே கொண்டுபோய்விடும். ஏற்கெனவே ஒருமுறை அப்படிப் போய்ப் பிழைத்து வந்தவன் அவன்.

எங்கள் டயாலிசிஸ் நர்ஸ் பெர்லா, ஒஹையோவிலிருந்து போனில் படம் பார்த்தே எங்களைக் கண்காணிப்பவள். அந்தச் சுவரைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"வர்ற வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பேன் லவோன். செவுரு காஞ்சிருக்கணும், பூஞ்சை போயிருக்கணும். இல்லைன்னா வண்டியில வெச்சு டயாலிசிஸ் பண்றதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஊருக்கு வந்து, வாரத்துக்கு மூணு நாளு எங்க ஆஸ்பத்திரி நாற்காலியில வந்து உக்காரட்டும்."

ஊருக்கு என்றால் எங்கே? வீட்டைத்தான் விற்றுவிட்டோமே. என் தங்கையின் நிலவறையில் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான். டுவைட் வரைபடத்தை எடுத்து மடித்து வைத்தான். அவன் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இந்தப் பயத்தோடுதான் இந்தியானாவுக்கு ஓடி வந்தோம். வளாகத்து அலுவலகத்தில் இருந்தவன் கணினியைப் பார்த்துவிட்டு, எங்களுக்குக் கொடுத்த முறை, வண்டி நின்றதும் அறையை அகலமாக்க வெளியே நீளும் சுவரைச் சரிசெய்ய மட்டும்தான் என்றான்.

"ஒழுகல்னு நீங்க முன்னாடியே சொல்லலையேம்மா. ஒழுகலுக்குத் தனி ஆளு, தனிக் கொட்டகை. ஆறு வாரம் கழிச்சுத்தான் இடம் இருக்கு."

"ஆறு வாரத்துல என் புருஷன் நாற்காலியில உக்காந்திருப்பான். தெரியுமா உனக்கு?"

"எனக்குப் புரியுதும்மா."

"புரிஞ்சா எழுந்து வாய்யா."

அவன் எழுந்து வரவில்லை. என் குரல் காத்திருப்பு அறைவரை போயிருக்க வேண்டும், நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அந்த அறையில் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரிதான் பேச்சு. உனக்கு என்ன கோளாறு, எனக்கு இன்னது. லூசியானாக்காரர் அல்சீட், இறால் படகு எஞ்சின் பழுது பார்த்து ஓய்ந்தவர், தன் வண்டியின் வாசல்படி ஓடும்போதே இறங்கிவிடுகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். டெக்சஸிலிருந்து வந்த ஜெனீவா மடியில் ஒரு கொழுத்த பூனையோடு உட்கார்ந்திருப்பாள். பூனைக்குப் பெயர் மேஜர். எனக்கு அந்தப் பெண்பிள்ளையைக் கண்டாலே ஆகாது. வாய் ஓயாது. எனக்கு ஒரு வாய் என்றால் அவளுக்கு ஒன்பது. போதாக்குறைக்குப் பூனைக்கும் சேர்த்து இவளே பேசுவாள்.

"மேஜர் கேக்குறான், உன் புருஷனுக்கு எந்த நாற்காலின்னு," என்றாள்.

உன் வேலையைப் பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது. பேருந்து ஓட்டிய இத்தனை வருஷத்தில் எவன் முன்னாலும் அழாதவள், ஒரு பூனைக்குப் பதில் சொல்லும்போது அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெர்லா, வெள்ளிக்கிழமை, நிலவறை, மடித்து வைத்த வரைபடம், எல்லாம்.

அல்சீட் காப்பியைக் கீழே வைத்தார். "ஒழுகலைக் கண்டுபிடிக்க இவனுங்க என்ன மந்திரமா பண்றானுங்க? உள்ளே காத்தை அடைப்பானுங்க, வெளியே சோப்புத் தண்ணி தெளிப்பானுங்க. ஓட்டை இருக்குற எடத்துல நுரை கெளம்பும். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பாக்குற கதைதான். எங்கிட்ட இலை ஊதுற மெஷின் இருக்கு. வீடு திரும்பி வரட்டும், நாமளே பாத்துருவோம்."

"டேப்பு என் பொறுப்பு," என்றாள் ஜெனீவா. "பெட்டி பெட்டியா வெச்சிருக்கேன். என் வண்டியே டேப்புலதான் நிக்குது."

மதியத்துக்கு மேல் டிரெய்லர் திரும்பி வந்தது. காற்று அடங்கும்வரை பொறுத்து வேலையை ஆரம்பித்தோம். மைதானத்தில் இருந்த பாதிப் பேர் வந்துவிட்டார்கள். ஹீட்டர் துவாரம், அடுப்புப் புகைபோக்கி, தொட்டிக்குழாய் எல்லாவற்றையும் டேப்பால் அடைத்தோம். கூரை ஜன்னலில் அல்சீட்டின் ஊதுகுழலைச் செருகிச் சுற்றிலும் பிளாஸ்டிக் தாளை ஒட்டினோம். மெஷினை முடுக்கியதும் வீடு லேசாக உப்பியது போல் இருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பை வாளியில் கரைத்து, யார் கையில் என்ன கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். செடிக்கு மருந்தடிக்கும் பம்பு, துடைப்பம், கார் கழுவும் பஞ்சு. நாலு பக்கமும் ஆள் நின்று தேய்த்ததைப் பார்த்தால் யானையைக் குளிப்பாட்டுவது போலவே இருந்தது.

டுவைட் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "காதுக்குப் பின்னாடியும் நல்லாத் தேயுங்க," என்றான். பல நாள் கழித்து அவன் வாயிலிருந்து வந்த கிண்டல் அது.

முகப்பு விளக்குகளில் நுரை இல்லை. கூரை மூலையில் இல்லை. ஜன்னல் விளிம்பில் இல்லை. எனக்கே ஏமாற்றமாக இருந்தது. ஒரு வருஷமாக அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டியவள் நான். எந்தக் கழுதை எந்த இடத்தில் கோட்டை விட்டது என்று இன்றைக்குத் தெரிந்துவிடும், இணையத்தில் படத்தோடு போட்டுக் கிழித்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது.

"இங்க வாங்க எல்லாரும்," என்று ஜெனீவா கூப்பிட்டாள்.

படுக்கையறை ஜன்னலுக்கு மேலே, கூரையின் ஓரத்தகட்டில், ஒரு சின்ன விளக்கு மாட்டியிருக்கிறது. அதன் ஸ்க்ரூவைச் சுற்றி நுரை கொப்புளித்துக்கொண்டிருந்தது. மேஜருக்குக்கூடப் புரிந்திருக்கும், அவ்வளவு தெளிவான ஓட்டை.

"மாட்டினான் பாரு கம்பெனிக்காரன்," என்றேன் நான்.

அல்சீட் ஏணியில் ஏறினார். எங்கள் கூட்டத்தில் யார் சட்டைப்பையைத் துழாவினாலும் சதுர முனை வைத்த திருப்புளி ஒன்று இருக்கும். வண்டிவீடு கட்டுகிறவர்கள் அடிக்கும் ஸ்க்ரூவெல்லாம் தலையில் சதுரக் குழி கொண்டவை, வேறு எந்தத் திருப்புளியும் சேராது. அல்சீட் தன் சதுர முனையை ஸ்க்ரூவில் வைத்து அழுத்தினார். வழுக்கியது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"லவோன்," என்றார் மெதுவாக. "இது சதுரம் இல்லம்மா. பிளஸ் குறி."

பிளஸ் குறி போட்ட ஸ்க்ரூ கம்பெனியில் கிடையாது. அது கடையில் வாங்குவது. வண்டியின் சொந்தக்காரன் அடிப்பது.

டுவைட்டைப் பார்த்தேன். முகம் சுண்டிப்போயிருந்தது.

"நியூ மெக்சிகோவுல," என்றான். "நீ துணி துவைக்கப் போயிருந்தப்ப."

விளக்கு எனக்குத் தெரியும். அது எதற்கு என்றும் தெரியும். சாயங்காலம் மெஷினில் மாட்டிவிட்டால் விடியும்வரை அவன் கட்டிலை விட்டு நகர முடியாது. நான் வெளியே அக்கம்பக்கத்தாரோடு நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பேன். இருட்டில் உன் மொகமே தெரியமாட்டேங்குது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஜன்னலுக்கு வெளியே என் நாற்காலிக்கு நேர் மேலே ஒரு விளக்கை மாட்டினான். படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காக. கம்பெனி அடித்த ஸ்க்ரூவிலேயே அதைத் தொங்கவிட்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பசை தடவாமல் நீள ஸ்க்ரூவைக் கூரைக்குள் இறக்கியிருக்கிறான் மகாராசன். அதற்கு அடுத்த மழையில்தான் ஒழுகல் ஆரம்பித்திருக்கிறது.

"இதுக்குப் பேருதான் சொந்தக் காசுல சூனியம்," என்று அல்சீட் ஏணியின் மேலிருந்து முனகினார்.

என் வாய் திறந்தது. என்னை அறிந்தவர்கள் இரண்டு அடி பின்வாங்கினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒரு வருஷமாக ஊரெல்லாம் கம்பெனிக்காரனைக் கழுவில் ஏற்றியிருக்கிறேன். மூன்று கடைக்காரர்களைத் திட்டியிருக்கிறேன். இன்று காலையில்கூட ஒருத்தனிடம் கத்திவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவன் அடி வாங்கப்போகிற பிள்ளை மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்ப்பதற்காகத் தன் தலைமாட்டில் தானே ஓட்டை போட்டுக்கொண்டவனை என்ன சொல்லித் திட்டுவது? அவன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் பொங்கி வந்தது.

"வெளக்கு நல்லாத்தான் எரியுது," என்றேன். "ஸ்க்ரூதான் சரியில்லை."

ஜெனீவா முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். டுவைட் சிரித்துச் சிரித்துத் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்போது கொட்டகையில் வேலை முடிந்து ஒரு தொழிலாளி சைக்கிளில் வந்தான். வைக்கோல் தொப்பி, மீசையில்லாத தாடி, பழைய காலத்து முறைப்படியே வாழும் அந்தப் பக்கத்து ஆமிஷ் கிறிஸ்தவ ஆள். பெயர் வெர்னன். எங்கள் நீளும் சுவரைச் சரிசெய்தவன் அவன்தான். ஏணியையும் நுரையையும் பார்த்து நிறுத்தினான்.

"வேலை நேரம் முடிஞ்சாச்சுங்க. மைதானத்துல நிக்கிற வண்டியத் தொட்டா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"தொட வேணாம். சும்மா போ," என்றார் அல்சீட்.

அவன் கூடையிலிருந்து பசைக் குழல் ஒன்றை எடுத்துப் புல்லில் வைத்தான். "எங்க கோழிக்கூட்டுக் கூரைக்கு வாங்குனது. எங்கியோ வழியில விழுந்திருச்சு போல." சைக்கிளை மிதித்துப் போய்விட்டான். கோழிகள் அந்த வாரம் நனைந்திருக்கும்.

ஓட்டையை அடைப்பது சுலபமாகிவிட்டது. சுவர்தான் மிச்சம். அல்சீட் உள்பலகையை அறுத்து எடுத்தார். உள்ளே பஞ்செல்லாம் ஊறிக் கறுத்து நாறியது. பிடுங்கி எறிந்து, மரச்சட்டத்தைத் தேய்த்துக் கழுவி, மைதானத்தில் இருந்த மின்விசிறிகளை எல்லாம் அந்தச் சின்ன அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். காய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை அந்த அறையில் டயாலிசிஸ் நடக்காது.

நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். ஜெனீவா வந்து பூனையை என் மடியில் போட்டாள்.

"இவனை நீ வெச்சுக்கோ. டுவைட்டை எங்கிட்ட அனுப்பு."

"என்னது?"

"மெஷினை என் படுக்கையறையில வெச்சுக்கட்டும். நான் முன்னாடி சோபாவுல படுத்துக்குவேன். பூனை இருக்குற எடத்துல இந்த வேலை ஆவாதுல்ல? அதான், மேஜர் உன் பொறுப்பு. வா, ரெண்டு பேரும் பிளீச்சிங் போட்டுக் கழுவுவோம். ஒரு முடி விடாமப் பொறுக்கணும்."

கழுவினோம். சுவர், தரை, கூரை, ஜன்னல் கம்பி எல்லாம். பூனை முடியைத் தேடித் தேடிப் பொறுக்கினோம். அவள் வாய் ஓயவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறுத்தவும் இல்லை. பெர்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பூனை எங்கே என்று கேட்டாள், என் மடியில் என்றேன், சரி என்றாள்.

எங்கள் சுவருக்குப் பலகை கிடைக்கவில்லை. கம்பெனியில் கேட்டால் அதற்கும் ஆறு வாரம். ஜெனீவா தன் கட்டில் மெத்தையைத் தூக்கி, அடியில் இருந்த பலகையில் ஒன்றைக் கழற்றினாள்.

"இது என் ஹார்லன் படுத்த பக்கம்," என்றாள். "இந்த வண்டியை வாங்குன மாசமே அவன் போய்ச் சேந்துட்டான். அந்தப் பாதி சும்மாதான் கெடக்கு. எடுத்துக்கோ."

"வேணாம் ஜெனீவா."

"வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கோடி. நீ வாயை மூடி நான் பாத்ததே இல்லை."

மூடிக்கொண்டேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் நான் அலுவலகத்துக்குப் போய் அந்தப் பையனிடம், நேற்று கத்தியது தப்பு என்றேன். அவன் பயந்துவிட்டான், இது ஏதோ புது உத்தி என்று நினைத்திருப்பான். பிறகு இணையத்துக்குப் போய் ஒழுகலைப் பற்றி எழுதிய வசவை மட்டும் அழித்து, ஓட்டை எங்களுடையது என்று எழுதினேன். இழுப்பறை, ஹீட்டர், குளியலறைக் குழாய் பற்றியதெல்லாம் அப்படியே இருக்கிறது. நியாயம் நியாயம்தானே.

வெள்ளிக்கிழமை. ஹார்லனின் பலகை சுவரில் ஏறி, வெள்ளை பூசிக் காய்ந்திருந்தது. மெஷின் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பெர்லா கூப்பிடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வானம் கறுத்தது. பிறகு பிடித்தது பாருங்கள், அப்படி ஒரு மழை. இந்தியானாவில் அந்த மாதம் பெய்ய வேண்டியதெல்லாம் ஒரே மூச்சில் எங்கள் கூரைமேல் கொட்டுவது போலிருந்தது. வேறு எங்காவது ஓட்டை இருந்தால்? பசை பிடிக்காமல் இருந்தால்? ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே ஜெனீவாவின் பந்தலடியில் அவளும் அல்சீட்டும் இன்னும் நாலைந்து பேரும் சாரலில் நனைந்துகொண்டு எங்கள் ஜன்னலையே பார்த்து நின்றார்கள்.

போன் அடித்தது.

"என்ன சத்தம் அது?" என்றாள் பெர்லா.

"மழை," என்றேன்.

"நல்லதாப் போச்சு. செவுரைக் காட்டுங்க."

டுவைட் கட்டிலில் சாய்ந்தபடி போனைப் பிடித்துக்கொண்டான். நான் மெத்தைமேல் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, சுவரில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தேன். மழை கூரையில் அறைந்துகொண்டிருந்தது. மூலை காய்ந்திருந்தது. ஜன்னல் மேல்விளிம்பு காய்ந்திருந்தது. தலைமாடு காய்ந்திருந்தது. ஒரு காகிதத் துண்டை வைத்து ஒற்றச் சொன்னாள், ஒற்றினேன். காகிதம் மொறமொறவென்று அப்படியே வந்தது.

"கூரையைக் காட்டுங்க. இன்னும் கிட்ட. சரி, இப்ப கட்டிலு, மெஷின்." அவள் எதையோ எழுதினாள். பிறகு சிரித்தாள். "அடுத்து எந்த ஊரு டுவைட்?"

டுவைட் பதில் சொல்ல வாய் திறந்தான். சொட்டென்று ஒரு துளி அவன் புறங்கையில் விழுந்தது. இன்னொன்று தலையணையில்.

பெர்லாவின் சிரிப்பு நின்றது. "இருங்க, இருங்க. அங்க என்ன சொட்டுது?"

டுவைட் பதறி அண்ணாந்து பார்த்தான். எக்கித் தாழ்ந்த கூரையைத் தடவினான். விரலைத் தேய்த்துப் பார்த்தான். அதன் பிறகுதான் தலைமேல் குனிந்திருந்த என் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அது கூரை இல்ல பெர்லா," என்றான். "என் பொண்டாட்டி."